கொருக்குப்பேட்டை கேட்

கேட் விழுந்துவிட்டது. ரயில் இன்னும் கண்ணில் படவில்லை.
டீ கேனோடு சைக்கிளைச் சாய்த்து
கம்பிக்கு அடியில் நுழைகிறான் எத்திராசு.
ஏண்டா என்றால்,
"காலு போவுது, நானும் கூடப் போறேன்."

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ், இரண்டு அரியர்.
பெருவெடிப்பின் முதல் நொடியிலேயே
இந்த கேட், இந்த வெயில்,
மணலிப் பக்கமிருந்து வரும் அழுகிய முட்டை நாற்றம்
எல்லாம் எழுதியாயிற்று என்பார்கள்.
அரியரும்தான்.

டேங்கர் டேங்கராய்க் கடக்கிறது கூட்ஸ்.
அதற்குத் தண்டவாளம் கீழேயே கிடக்கிறது.
எனக்குக் கீழே குனிந்து பார்க்கிறேன்:
ஸ்கூட்டரின் நிழல்,
கொஞ்சம் ஆயில்.

கேட் ஏறுகிறது.
ஒரு மூச்சு நேரம் நகராமல் இருந்து பார்க்கலாம்,
யாரும் எழுதாத ஒரு மூச்சு
என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே
தண்டவாளத்தின் மேல் தடதடக்கிறது வண்டி.

பின்னால் ஆரன்.
திரும்பி முறைக்கிறேன்.
இதையாவது நான்தான் செய்தேன்.