கட்டில் ஏறியாச்சா

கர்க்கடகத்தில் யாராவது வீடு மாறுவார்களா
என்று கேட்டாள் வீட்டுக்காரி லில்லிபாய்,
முன்பணத்தில் வெள்ளையடிக்க எவ்வளவு பிடிக்கலாம் என்று
சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டே.
மாட்டார்கள் அக்கா, அதனால்தான்
வண்டிக்கு எழுநூறு குறைவு என்றேன்.

மூன்று வாரமாக எழுதிய நோட்டு.
கேஸ் புத்தகம். ரேஷன் கார்டு. அனிஷ்மாவின் டிசி.
பாலுக்கு பதினொன்றாம் தேதிவரை கணக்கு.
பிரிட்ஜை முந்தின நாளே அணைக்க வேண்டும்,
அணைக்குமுன் மீனைத் தீர்க்க வேண்டும்.
தீர்த்தோம். மூன்று நாளும் சாளை.
நாலாம் நாள் அனிஷ்மா
வெறும் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

பெட்டிகள் மார்த்தாண்டம் கடைகளில் கேட்டு வாங்கியவை.
ஆப்பிள் பெட்டியில் செருப்பு.
தேன் பெட்டியில் பத்திரம், என் பழைய சம்பளச் சீட்டுகள்.
அவர் தம்மாமிலிருந்து பேரீச்சை அனுப்பிய பெட்டியில் அம்மிக்குழவி,
அம்மி தனியாக, சாக்கில்.
மொத்தம் இருபத்தாறு.
ஒன்பதில் மட்டும் சிவப்பு மை:
கடைசியில் ஏற்று, முதலில் இறக்கு.
தீப்பெட்டி, உப்பு, திருப்புளி, சார்ஜர், பல்பு இரண்டு.

தங்கையன் அதைத்தான் முதலில் தூக்கினார்.
கைக்கு லேசு, வாசலிலும் கிடந்தது.
வண்டியின் ஆக உள்ளே, அலமாரிக்கும் பின்னால்
போய் உட்கார்ந்தது ஒன்பது.

அழகியமண்டபத்தில் தூற்றல். வில்லுக்குறியில் மழை.
தோட்டியோடு தாண்டுனா வெயிலுக்கா என்றான் ஷிஜு.
தாண்டினோம்.
தார்ப்பாய்க்கு வெளியே மெத்தையின் ஒரு மூலை
வெட்டூர்ணிமடம்வரை குடித்துக்கொண்டே வந்தது.

புது வீட்டின் எல்லாக் கதவையும் அளந்திருந்தேன்,
முதலில் சாணால், பிறகு தையல் டேப்பால்.
பிரிட்ஜுக்கு இரண்டு விரல் மிச்சம்.
படி திரும்புகிற இடத்தை அளக்கவில்லை.
படி திரும்பும் என்பதே நினைவில் இல்லை.

அயனிக் கட்டில்.
கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் செய்து கொடுத்தது.
கழற்ற வழி வைக்காமல் முடித்திருந்தார் ஆசாரி.
பதினாறு வருடத்தில் அவர் அதில் படுத்தது
லீவுகளையெல்லாம் கூட்டினால் இருபது மாசம் வரும்.

இடப்பக்கம் சரிங்க, தலையைத் தூக்குங்க
என்று தம்மாமிலிருந்து பிடித்தார் கிளாட்சன்,
நான் நீட்டிய போனுக்குள்.
அண்ணே, அந்த முனைய விட்டுராதீங்க கேட்டேளா
என்றான் கிளீட்டஸ், பல்லைக் கடித்தபடி.
சிரித்தால் கை நழுவும். யாரும் சிரிக்கவில்லை.
நாலு தடவை ஏற்றி நாலு தடவை இறக்கினோம்.
ஐந்தாவதில் திருப்பத்துச் சுவரில் காரை பெயர்ந்தது.
கீழே நின்று இருமினார் புது வீட்டுக்காரர்.
இந்த முன்பணத்திலும் ஒரு பிடி விழுந்தாயிற்று.

ஒரு கால அறுத்தா போவும்,
பொறவு ஆணி அடிச்சுக்கிடலாம் என்றார் தங்கையன்.
என்னைத்தான் பார்த்தார், போனை அல்ல.
போனைக் கைப்பைக்குள் போட்டேன்.
என் இடுப்போரம் அவர் குரல்
வலது, வலது என்று சொல்லிக்கொண்டிருந்தது.
இறக்குங்க என்றேன்.

கார் இல்லாத கார் ஷெட்டில் கிடக்கிறது கட்டில்.
இப்படியே கிடக்கட்டுமே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு
வீட்டுக்காரர் அதன்மேல் தேங்காயை அடுக்கினார்.

முன்பிருந்தவர்கள் பல்புகளைக் கழற்றிப் போயிருந்தார்கள்.
இருட்டில் என் கை இடது சுவரைத் தடவிற்று.
சுவிட்ச் வலப்பக்கம்.
தட்டினாலும் எரிய ஒன்றுமில்லை.
எட்டு மணிக்குக் கிடைத்தது ஒன்பது.
மெத்தையின் காய்ந்த பாதியில் அனிஷ்மா தூங்கிப்போனாள்.
நான் பாயில், குறுக்கே ஆப்பிள் பெட்டி.

பத்தேகாலுக்குக் கூப்பிட்டார்.
கட்டில் ஏறியாச்சா?
ஏறியாச்சு.
காட்டு.
படுத்தபடியே போனை மேலே திருப்பி
சுற்றுகிற விசிறியைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
மேக்கூரை நல்ல உயரமா இருக்கே என்றார்.
உயரம்தான் என்றேன்.