இருபத்திரண்டு நிமிடம்

கோட்டையூர் ரயில்வே கேட் தாண்டி
மூடிப்போன அரிசி மில்லில் எங்கள் கம்பெனி.
உமி வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஊருணிச் சேற்றிலிருந்து
நான் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு
கே-31 என்று பெயர்.
கொதிக்கும் நீரிலும் மாவுச்சத்தை அறுக்கும்
நொதி ஒன்று அதனிடம் உண்டு.
டென்மார்க்காரர்களுக்கு அது வேண்டியிருந்தது.

அறுபத்துநாலு பக்க ஒப்பந்தம்.
தெனப்பன் அதை இசைகுடிமானம் என்றுதான் சொல்வார்.
"நம்ம இசைகுடிமானம் ஒத்தத் தாளு.
இவன் பிரியறதுக்கே முப்பது பக்கம் வச்சிருக்கான்."
ராயல்டி ஒன்றரையா இரண்டா என்று
மூன்று மாதம் இழுத்தது.
"புள்ளி வரி கட்டுறவன்கிட்ட
புள்ளிக் கணக்குப் பேசுறான் பாரு!"
ஒன்று புள்ளி எட்டில் முடிந்தது.

பல்லுயிர் அனுமதிக்கு ஏழு மாதம்.
மதுரையில் சுங்கக்காரர் பெட்டியைத் தட்டிக் கேட்டார்:
"உள்ள உயிர் இருக்கா?"
இருக்கிறது சார், தூங்குகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
உலர்பனி புகையப் புகைய
பதினாறு குப்பிகள் பறந்தன.

ஓடென்சில் அது விழித்தது.
வளர்ந்தது, பெருகியது,
மூவாயிரம் லிட்டர் எஃகுத் தொட்டியை நிறைத்தது.
நொதியை மட்டும் தரவில்லை.

எங்களுக்கு மதியம் ஒன்றரை,
அவர்களுக்குக் காலை ஒன்பது.
திரையில் போடில்.
கத்தியைத் துணியில் சுற்றி நீட்டுகிற மரியாதையோடு
"நீங்கள் தந்த செய்முறையை
எழுத்துக்கு எழுத்து செய்தோம்" என்றாள்.

செய்திருக்கிறார்கள்.
அதுதான் சிக்கல்.

செய்முறையை எழுதியவள் நான்.
'தடையில்லா மின்சாரம்' என்று அதில் எழுதியவளும் நான்.
ஃப்ரீசருக்கு மட்டும்தான் பேட்டரி.
குடுவைகளைக் குலுக்கும் எந்திரத்துக்கு
ஜெனரேட்டர்தான்; ஜெனரேட்டருக்குச் சூசைதான்;
கரண்ட் போகும்போதெல்லாம் சூசை
கேட் பக்கத்து டீக்கடையில்தான்.

அன்று இரவு
ஆய்வுப் பதிவேட்டை ஒரு கையிலும்
மின்வாரியக் குறுஞ்செய்திகளை ஒரு கையிலும்
வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
நொதி பொங்கிய நாளெல்லாம்
கரண்ட் போன நாள்.
குலுக்கல் நின்று, காற்று குறைந்து, மூச்சு முட்டி
கே-31
மடியில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கொட்டியிருக்கிறது.
கரண்ட் போகாத வாரம்
அது வெறும் கையை விரித்திருக்கிறது.
அந்த வாரங்களை நான்
'காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

தெனப்பன் வெகுநேரம் பேசவில்லை.
"சொன்னா மானம் போகும்,
சொல்லாட்டி அடுத்த தவணை போகும்."
பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார்:
'அறிந்தோ அறியாமலோ கைவசமுள்ள நுட்பங்கள்.'
"அறியாமலோன்னு இருக்கில்ல ஆத்தா?
அப்ப கரண்ட் கட்டும் நம்ம சொத்துதான்."

போடிலிடம் சொன்னேன்.
டீக்கடை வரை சொன்னேன்.
சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.
பேனாவை எடுத்து
"சராசரியாக எத்தனை நிமிடம்?" என்றாள்.

இப்போது ஓடென்சில் அது ஏழாவது படிநிலை.
மின்சாரம் ஒருபோதும் போகாத ஊரில்
ஒரு மென்பொருள் இருபத்திரண்டு நிமிடம் போகவைக்கிறது.
தங்கள் ஆவணத்தில் அதற்கு
'சூசை' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

தவணைப் பணத்தில் புது ஜெனரேட்டர் வந்தது.
கரண்ட் போன எட்டு விநாடியில்
தானாக உறுமுகிறது.
அதனால் தினமும் காலை பதினொன்றுக்கு
என் கையாலேயே குலுக்கியை நிறுத்துகிறேன்.

"அங்க யாரும்மா நிறுத்துறா?"
கம்ப்யூட்டர், சூசை.
"அதுக்கு டீ?"

ஒன்று புள்ளி எட்டில்
அவருக்கு எத்தனை புள்ளி என்று
அறுபத்துநாலு பக்கத்திலும் தேடிவிட்டேன்.
மணி பதினொன்று ஒன்பது.
இன்னும் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது.