பின்னணி

ரெட்ருத் தீயணைப்பு நிலையத்தின் பின்கொட்டகைக்குக்
காலை ஏழரைக்கே வந்து
ஆபத்தை ஒளித்து வைக்கிறேன்.
இரண்டு தீப்பெட்டி சேர்ந்த அளவு.
உள்ளே ஒரு மின்கலம், சின்ன அலைபரப்பி,
வேறொன்றுமில்லை.
நேற்றைய பாஸ்ட்டியின் எண்ணெய்க் காகிதப் பையில் போட்டு
ரப்பர்க் குழாய்ச் சுருளுக்குள் செருகினேன்.
கூரையிலிருந்து இறங்கிய கடற்காகம்
பையை ஒருமுறை கொத்தியது,
தலை சாய்த்துப் பார்த்தது,
போய்விட்டது.
இன்றைக்கு ஏமாறாதது அது ஒன்றுதான்
என்று அப்போது நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு ஆறு பேர்.
ஆளுக்கொரு மஞ்சள் கருவி.
கனம் அசல், கைப்பிடி அசல், முள்ளும் அசல்.
கதிரைக் கேட்கும் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும்
என் பெட்டியைக் கேட்கும் காது.
பொய்க்கால் குதிரைதான்.
குதிரை ஓடாது,
கட்டியவனுக்கு வியர்க்கும்.

பெட்ராக்குக்கு வியர்த்தது.
எரியும் கூரைமேல் நடந்தவன், இருபத்திரண்டு வயது,
குழாய்ச் சுருளுக்கு நாலடி முன்னால்
சத்தம் ஓட்டுக்கூரை மழையாய்க் கொட்டவும்
அப்படியே நின்றுவிட்டான்.
என் கோட்டுப் பையில் தொலையியக்கி.
கட்டைவிரலை மயிரிழை நகர்த்தினால்
அவன் நெற்றியில் ஒரு சொட்டு.
சொல்லக் கூச்சம்தான்,
இரண்டு தடவை தேவைக்கு மேல் நகர்த்தினேன்.
"எவ்வளவு நேரம் நின்றாய்?"
"தெரியவில்லை."
"முப்பத்தெட்டு நொடி. எழுதிக்கொள்."

கெரென்சா வாசலைத் தாண்டவில்லை.
பயந்த முகமும் இல்லை.
பல்லி சொல்வதற்குப் பலன் பார்க்கிறவள்போல்
கருவியைக் காதோடு வைத்திருந்தாள்.
"இது பொய்" என்றாள்.
"எதை வைத்துச் சொல்கிறாய்?"
"ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கிறேன்,
கடிகாரம்போல் அடிக்கிறது.
எங்களுடையது கருங்கல் வீடு,
கார்ன் பிரே குன்றுக்குக் கீழே.
கல்லிலிருந்து ரேடான் ஏறுகிறதென்று
தரைக்கடியில் விசிறி, ராத்திரி முழுக்கச் சுற்றும்.
அளக்க வந்த ஆளின் எண்ணியைக் கேட்டிருக்கிறேன்.
அதற்குத் தாளமே கிடையாது."

பின்னணியைச் சீராக விட்டது நான்தான்.
மென்பொருளில் ஒரு கட்டத்தை அமுக்கினால் மாறும்.
சோம்பல்.

வண்டியில் அசல் எண்ணி ஒன்று உண்டு,
பயிற்சியில் அதை வெளியே எடுப்பதில்லை.
எடுத்தேன்.
ஆறு தலையும் நெருங்கிவர
கொட்டகைச் சுவரின் கருங்கல்லில் வைத்தேன்.

டிக்.

ரொம்ப நேரம் எதுவுமில்லை.

டிக்டிக்.
டிக்.
பிறகு மறந்துபோன எதையோ
சட்டென்று நினைத்துக்கொண்டதுபோல்
டிக்டிக்டிக்.

பெட்ராக் சுவரைவிட்டு ஓர் எட்டு விலகினான்.
எல்லோரும் சிரித்தார்கள்.
"வானத்திலிருந்தும் வரும்" என்றேன்,
"உன் சதையிலிருந்தும்."
அவன் தன் முன்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
புதிதாக வாங்கிய பொருளைப் பார்க்கிறமாதிரி.
காலையெல்லாம் அவனை நடுங்கவைத்த பையில்
கதிர் ஒரு துளி கிடையாது.
இருந்த துளியெல்லாம்
அவனிடமும் சுவரிடமும்,
விரலை நகர்த்திய என்னிடமும்.

தேநீர் வேளையில் மடிக்கணினியைத் திறந்து
பின்னணியைக் கலைத்துப் போட்டேன்.
பொய்யில் கொஞ்சம் உலகம் சேர்ந்தது.
பெட்டியை இடம் மாற்றலாமென்று போனால்
குழாய்ச் சுருள் காலி.
கோட்டுப் பையைத் தடவினேன்,
தொலையியக்கியும் இல்லை.
கெரென்சாவின் கோப்பை மட்டும்
ஆவி பறக்க மேசையில்.

மஞ்சள் கருவியொன்றை எடுத்துக்கொண்டு
என் கொட்டகைக்குள் நானே நுழைந்தேன்,
சுவரோரமாய், மெதுவாய்.
உள்ளிருப்பது மின்கலமும் அலைபரப்பியும்தான்.
கருவி கொட்டத் தொடங்கியது.
உள்ளங்கை ஈரம்.
வாசலில் யாரோ
நொடிகளை எண்ண ஆரம்பித்தார்கள்.