எடைக்கு எடை

கார்மேல் மலையின் வயிற்றுக்குள் ஒரு கம்பிவடம்.
அதன் இரண்டு முனையிலும் இரண்டு ரயில்கள்.
ஒன்று ஏற வேண்டுமென்றால் மற்றது இறங்க வேண்டும்.
ஹைஃபாவில் இதற்கு யாரும் தத்துவம் பேசுவதில்லை,
டிக்கெட் எடுக்கிறோம், அவ்வளவுதான்.

பெட்டிக்குள்ளேயே படிக்கட்டு.
பையிலிருந்து ஓர் எலுமிச்சை நழுவினால்
ஒவ்வொரு படியாகக் குதித்துக் குதித்துப் போய்
யாராவது ஒருவர் செருப்பில் முட்டித்தான் நிற்கும்.

காலை ஏழு பத்து.
துறைமுகத்துப் பக்கத்திலிருந்து நான் ஏறுகிறேன்.
மேலே பல் மருத்துவரின் கிளினிக்கில்
அடுத்தவர் வாய்க்குள் வெளிச்சம் பிடிக்கிற வேலை.
அதே ஏழு பத்துக்கு
உச்சியிலிருந்து அவர் இறங்குகிறார்.
தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து கூடும் பாதி வழியில்
மூன்று நொடி:
சாம்பல் தொப்பி, நான்காக மடித்த செய்தித்தாள்,
ஜன்னலில் என் முகத்தின் மேல் அவர் முகம்.
ஒன்பது வருடம்.
கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரம்கூடத் தேறாது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்,
சரியாக அந்த இடத்தில் வடம் நின்றது.
விளக்கும் போனது.
முதலில் எல்லோரும் காதைத்தான் தீட்டிக்கொண்டோம்.
சங்கு ஊதவில்லை.
வெறும் மின்வெட்டு.
யாரோ சிரித்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டது.

எதிர் ரயிலின் மேல்ஜன்னல் கிரீச்சிட்டுத் திறந்தது.
ஒரு கை. கையில் ஒரு டார்ச்.
"குழந்தையிடம் கொடு" என்றார்,
எங்கள் இருவருக்குமே சொந்தமில்லாத மொழியில்,
இலக்கணம் தவறி, என்னை ஆணாக்கி.
அர்காதி என்றார்.
நுஹாத் என்றேன்.
பையில் எதற்கு டார்ச்?
பழக்கம் என்றார்.
எந்த ஊர்ப் பழக்கம் என்று கேட்க வாயெடுத்தேன்,
மின்சாரம் வந்துவிட்டது.
அவர் கீழே.
அவருடைய டார்ச்சோடு நான் மேலே.

மறுநாள் ஜன்னலோரம் அதை எரித்துக் காட்டினேன்.
தொப்பியைத் தூக்கினார்.
அதற்கு மறுநாளும்.
திருப்பிக் கொடுக்கத்தான் வழியில்லை.
நான் தேடி இறங்கினால் அவர் ஏறிக்கொண்டிருப்பார்.
இந்த வடத்தில் சந்திப்பதென்றால்
யாராவது ஒருவர் பயணத்தை விட வேண்டும்.

அடுத்த திங்கள், மருத்துவரிடம் வயிற்றுவலி என்று ஒரு பொய்.
கீழ் நிலையத்தில் தூணோரம் நின்றுகொண்டேன்.
என் ரயில் நானில்லாமல் போனது.
அவர் ரயில் வந்தது.
எண்ணினேன், இருபத்திரண்டு பேர்.
தொப்பி இல்லை.

காவலர் ஓவாதியா வாக்கிடாக்கியைக் காதிலிருந்து எடுத்தார்:
"மேலே ஒருத்தர் ஏறாமல் நின்றாராம்,
யாரோ வரவேண்டும் என்று.
அந்த யாரோ நீதானா?"

அப்படியென்றால் சற்று முன்
மலையின் நடுவே
அவருடைய காலி இருக்கையும் என்னுடைய காலி இருக்கையும்
மூன்று நொடி பார்த்துக்கொண்டிருக்கும்.
தராசில் ஒரு குன்றிமணி அசைந்திருக்காது.

"அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்" என்றேன்.
ஓவாதியா கேட்டார், பொத்தானை விட்டார், உதட்டைப் பிதுக்கினார்.
அவர் நடந்தே இறங்கத் தொடங்கிவிட்டாராம்.
எந்தப் படிக்கட்டு?
அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த ஊரில் படிக்கட்டுகளுக்கா பஞ்சம்?
துணி காயும் படிக்கட்டு, பூனைகள் ஆளும் படிக்கட்டு,
பாதியில் ஒரு வீட்டின் சமையலறை வாசலில் போய்
விழித்துக்கொண்டு நிற்கும் படிக்கட்டு.
ஒன்றைத் தேர்ந்தேன்.
பட்டப்பகலில் டார்ச்சை எரித்துக்கொண்டு
ஏறினேன்.

அறுபதாவது படியில் மூச்சு இரைத்தது.
வடம் இழுக்காத என் எடையை
அன்றுதான் முதன்முதலாக
நானே தூக்கினேன்.
பேட்டரி மங்கிக்கொண்டு வந்தது.
மேலே எங்கோ, திருப்பத்துக்கு அப்பால்,
யாரோ இறங்கி வரும் செருப்புச் சத்தம்.
யாருடையதாகவும் இருக்கலாம்.