எட்டு

மண்டபம் புயல் காப்பகத்துக் கூடத்தில்
மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று
டேப் பிடித்து அளப்பது என் வேலை.
ஒரு கம்பு. எட்டு மீட்டர்.
பார், கண்ணை மூடு, அதுவரை நட, நில்.
நூற்றைம்பது ரூபாய், ஒரு டீ.
கண்ணை மூடியதும் கம்பை நான் எடுத்துவிடுவதை
யாரிடமும் சொல்வதில்லை.

வெறுங்கண்ணால் பார்த்தவர்கள்
ஏழே முக்கால், எட்டேகால் என்று வந்து நிற்பார்கள்.
பெட்டியைக் கண்ணில் மாட்டி
அதே கூடத்தை, அதே கம்பை, அதே எட்டைக் காட்டினால்
ஆறு. சிலருக்கு ஐந்தே முக்கால்.
வலை இழுப்பவர், வங்கி குமாஸ்தா, ஐஸ் கம்பெனிப் பையன்
எல்லாருக்கும் இரண்டு மீட்டர் எங்கோ தொலைகிறது.
பெட்டியின் கனம் என்கிறார் பேராசிரியர்.
போன மாதம் வேறு சொன்னார்.

இன்னாசி மட்டும் சிரித்தார்:
‘என் ஜிபிஎஸ்ல எல்லைக்கோடு
ஒரு விரக்கடை தூரந்தான் தங்கச்சி.
தண்ணியில தேடுனா கோட்டையே காணோம்.’
அவருக்கும் ஆறுதான்.

செவ்வாய்க்கிழமை நம்புத்தாய் வந்தாள்.
பாசி எடுக்கும் விரல்களில் சுற்றிய துணியை
அவிழ்க்காமலே பெட்டியைப் பிடித்தாள்.
நான்கு எட்டு வைத்தாள். நின்றாள்.
‘என்னக்கா?’
‘வந்துட்டேன்.’
இரண்டே முக்கால்.
‘கம்பு அங்கதான தெரிஞ்சுது?’
‘தெரிஞ்சுது. நடுவுல காத்து இல்ல, ஈரம் இல்ல,
கால்ல குத்த ஒரு சிப்பி இல்ல.
ஒண்ணுமில்லாத எடத்துல
எதுக்கு அம்புட்டு நடக்க?’
டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போனாள்,
பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று.

இரவு பேராசிரியர் பேசினார்:
அந்த எண் கூட்டத்தோடு ஒட்டவில்லை,
நீக்கிவிடு.
நீக்கும் பொத்தான்மேல் விரலை வைத்து
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மின்சாரம் போனது.

விடிகாலையில் கரைக்குப் போனேன்.
அலை முடியும் இடத்தைப் பார்த்துக்கொண்டேன்,
பன்னிரண்டு எட்டு இருக்கும்.
கண்ணை மூடி நடந்தேன்.
ஏழாவதில் பாதம் நனைந்தது.

நான் குறைத்துப் போட்டேனா, கூட்டிப் போட்டேனா,
இல்லை, பார்த்த இடத்தில் நிற்காமல்
அது ஐந்து எட்டு என்னை நோக்கி வந்ததா?
நின்ற இடத்தைக் குதிகாலால் கீறி வைத்தேன்.
டேப் கூடத்தில் கிடந்தது.
எடுத்துவரத் திரும்புவதற்குள்
கீறல் இல்லை.