மூன்று பிரதிகள்

ஏடன். நவம்பர். வெயில் கொஞ்சம் மனிதத்தன்மையோடு இருக்கிறது.
சரக்கறை வாசலில் ஒரு மேஜை, நான்,
கார்பன் தாள் செருகிய பதிவேடு.

லண்டன் உத்தரவு ஒன்றரைப் பக்கம்.
கொண்டுபோக முடிந்ததைக் கொண்டுபோ.
முடியாததை விற்றுவிடு.
விலைபோகாததை உடைத்துவிடு.
'கண்ணியமாக' என்ற சொல்
நான்கு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன்.
எண்ணுவதுதான் என் வேலை.

அண்ணன் ஹைஃபாவில் கட்டில் எண்ணினான்.
மச்சான் நிக்கோசியாவில் கம்பளி எண்ணினான்.
டிரெகாஸ்கிஸ் குடும்பத்தில்
யாரும் ஒரு நாட்டைப் பிடித்ததில்லை,
காலி செய்யத் தெரியும்.

இரும்புக் கட்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு.
தேநீர்க் கொப்பரை ஒன்பது, ஒன்றுக்கு மூடி இல்லை.
பில்லியர்ட்ஸ் மேஜை ஒன்று,
பச்சைத் துணியில் யாரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை.
ஆனை படுத்தாலும் குதிரை மட்டமாம்.
படுத்த ஆனையின் முதுகில் உட்கார்ந்து
கரண்டிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினேன்.

பீங்கான் தட்டுகளை எவரும் வாங்கவில்லை.
பத்தொன்பது வயதுப் பையன்கள் இருவர்
சுவரோரம் நின்று சுத்தியலால் உடைத்தார்கள்.
முதல் நாள் சிரிப்பு.
மறுநாள் யார் அதிகம் என்று பந்தயம்.
மூன்றாம் நாள் சத்தம் மட்டும் வந்தது.

எதிர் நாற்காலியில் ஆறு வருஷமாக ஸாலிம் பாவஸீர்.
நான் இடமிருந்து எழுதிப்போவேன்,
அவர் வலமிருந்து எழுதிவருவார்,
நடுக்கட்டத்தில் எண் சந்திக்கும்.
ஒருமுறைகூட அவர் கூட்டல் தப்பியதில்லை.
தெருவில் இப்போது இரண்டு கட்சி,
இரண்டிடமும் அவர் பெயர் இருக்கிறதாம்:
எங்களுக்குக் கணக்கெழுதியவர்.

பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்,
"கார்ப்பரல், என்னை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?
கொண்டுபோவதிலா? விற்பதிலா?"
மூன்றாவதை அவர் சொல்லவில்லை.

மேஜர் ஆட்லியிடம் போய் நின்றேன்.
நல்ல மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது கொள்கை சம்பந்தப்பட்டது" என்றார்.
கொள்கை என்ன என்று கேட்டேன்.
இன்னும் வரவில்லை என்றார்.
திரும்பி வந்து பென்சில் சீவினேன்.
கூர்மையாக இருந்ததை மறுபடி சீவினேன்.

வியாழக்கிழமை ஸாலிம் வரவில்லை.
வெள்ளி, அவர்கள் தொழுகை நாள், எதிர்பார்க்கவில்லை.
சனியும் வரவில்லை.

சாவிகள் முந்நூற்றுப் பன்னிரண்டு.
பெற்றுக்கொண்டவர் கையொப்பம் என்ற இடத்தில்
பெற்றுக்கொள்ள எவரும் வரவில்லை.
சாவிப்பலகையைச் சுவரிலேயே விட்டு
ஹெலிகாப்டரில் ஏறினோம்.
மேலிருந்து பார்த்தால்
உடைந்த பீங்கான் உப்பளம் மாதிரி மின்னியது.

கப்பலில் இரண்டாம் நாள் அறிவிப்புப் பலகை:
சிக்கன நடவடிக்கை.
எங்கள் ரெஜிமெண்டை இன்னொன்றோடு சேர்க்கிறார்கள்.
தொப்பிச் சின்னங்களைத் திருப்பித் தரவும்.
வில்ட்ஷயரில் ஏதோ ஓர் அறையில், ஒரு மேஜையில்
எங்களை எண்ணி முடித்திருக்கிறார்கள்.
பையன்கள் கொதித்தார்கள். ஒருவன் அழுதான்.
நான் வரிசையில் நின்று சின்னத்தைக் கழற்றிவைத்து
மூன்று பிரதியிலும் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் பைக்குள் கை விட்டபோது
நாற்பத்தொன்றாம் எண் சாவி.
ஸாலிமின் அலமாரி.
எப்போது எடுத்தேன், தெரியாது.
பதிவேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றே இருக்கிறது.
அது தவறு.