பல்லுள்ள அலகு

செவ்வாய்க்குள் அனுப்ப வேண்டிய படிவத்தில்
ஒரு வரி மட்டும் நிரம்பவில்லை.
முதிர்ந்த பறவைகள்: குறைந்தபட்சம் எத்தனை,
அதிகபட்சம் எத்தனை,
உங்கள் கணிப்பு எத்தனை.

ஏழு வாரம் சவாயியின் மேட்டுக்காட்டில் இருந்தேன்.
எரிமலைக் கல்லில் இரண்டு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.
மரங்களில் கட்டிவைத்த ஒலிப்பெட்டிகள்
ஆயிரத்து நூறு மணி நேரம் கேட்டன:
மழை, பன்றி, மறுபடி மழை,
தொலைவில் யாரோ மரம் அறுக்கும் ரம்பம்,
அடித்தொண்டையில் ஊம் என்று ஒரு குரல்.
மனுமேயாவும் அப்படித்தான் கூப்பிடும்.
லூபேப் புறாவும் அப்படித்தான் கூப்பிடும்.
அப்பியா அலுவலகத்தில், ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு
நானும் பெனிதோவாவும் வாதாடினோம்.
சாப்பிட்ட பிறகு, இருக்கிறது என்பான்.
பசியோடிருந்தால், இல்லை.

இருபது தாலா நோட்டில் அது உட்கார்ந்திருக்கிறது.
அதைக் கொடுத்துத்தான் பேட்டரி வாங்கினேன்.

ஞாயிறு. ஆராதனை முடிந்து
அக்கா வீட்டில் கல்லடுப்பைப் பிரித்தார்கள்.
சேம்பு, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலை,
போதகருக்கு எடுத்துவைத்த பங்கு,
வாழையிலைக்குள் மூன்று புறா.
சுடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.
போதகருக்கும் தெரியும். ஜெபம் கொஞ்சம் நீண்டது.
இங்கே நீ தங்கை, அரசாங்கமில்லை
என்பதுபோல் ஒரு தொடையை என் தட்டில் வைத்தாள் அக்கா.
தின்றேன். ஈயக்குண்டு ஒன்று பல்லில் பட்டது.
நன்றாகத்தான் இருந்தது.

சேம்புத்தோல் வாளியைப் பன்றிகளிடம் கொண்டுபோனபோது
தோலுக்கடியில் மூன்று தலைகள்.
இரண்டு, லூபே.
மூன்றாவதை எடுத்து வெயிலில் பிடித்தேன்.
கொக்கிபோல் வளைந்து தடித்த அலகு.
கீழலகின் ஓரத்தில்
நகத்தால் தடவினால் தட்டுப்படும்
பற்கள்.

பன்றி முழங்காலை முட்டிக்கொண்டிருந்தது.
ஏழு வாரம் தேடியது
அரைமணி முன்னால் என் தட்டுக்கு வந்திருக்கலாம்.
அந்தத் தொடை எதனுடையது?
ஆதாரத்தின் வகை என்று படிவத்தில் ஒரு பட்டியல் உண்டு:
கண்டது, கேட்டது, படம், உடல்.
உண்டது என்று இல்லை.

எழுதினால் இடம் எழுத வேண்டும்.
இடம் எழுதினால் ஆள் வருவார்கள்.
அத்தான் மலாகியின் பெயர் ஊர்ச்சபைக்குப் போகும்,
அபராதமாகப் பன்றிகள் போகும், இதே பன்றிகள்.
அக்கா அடுத்த ஞாயிறு எந்த வரிசையில் உட்காருவாள்?
எழுதாவிட்டால்
இந்தப் பறவை உயிரோடு இருந்ததே இல்லை.

மறுபடி தடவினேன்.
பற்கள் முழுதாய் எழவில்லை, வெறும் மேடுகள்.
முதிர்ந்ததல்ல. குஞ்சு.
அப்படியானால் என் வரியில் இதற்கு இடமே கிடையாது,
செத்தாலும் இருந்தாலும்.
ஆனால் குஞ்சு என்றால் கூடு.
கூடு என்றால் இரண்டு பேர்
மாஓதா மரமொன்றில்
ஈரமான இலைகளுக்குப் பின்னால்,
என் பெட்டி இல்லாத ஏதோ ஒரு மேட்டில்.

அத்தான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.
கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார். தண்ணீர் வீணாய்ப் போனது.
"லூபே என்றுதான் நினைத்தேன்.
டார்ச் அடித்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கண்."
சன்னலில் அக்காவின் முகம் வந்து போயிற்று.
குழாயை மூடிவிட்டுச் சொன்னார்:
"அது தனியாக இல்லை.
சுட்டதும் மற்றவை எழும்பின."
எத்தனை, என்றேன்.
என் குரல் அலுவலகக் குரலாகிவிட்டிருந்தது.
"இருட்டில் யார் எண்ணினார்கள்?
சிறகடிப்புதான். அது அடங்கக்
கொஞ்ச நேரம் ஆயிற்று."

லூபேயாகவும் இருக்கலாம்.
கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.
அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி
காட்டுப் பக்கம் திரும்பி
அதை நிஜமாகவே
நினைவுபடுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.